உருகி கற்பிக்கும் பாடம்

மன்னார்த் தீவிலே இரும்பு நெடுங்காலம் இரும்பாக இருப்பதில்லை. சோளகமும் வாடையும் மாறி மாறிச் சுமந்துவரும் உப்பு, கதவின் பிணைச்சலையும் சைக்கிளின் சங்கிலியையும் கரையேற்றிய வள்ளத்தின் இயந்திரத்தையும் ஒன்றுபோலவே அரிக்கின்றது. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் எருக்கலம்பிட்டியிலும் வாழும் மக்களுக்குக் கறள் ஓர் உறவினரைப் போன்றது. அழைக்காமல் வரும், வந்தால் போகாது. ஆயினும் அதன் கொடுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. பணமுள்ளவர் வாகனத்தை மாற்றிக்கொள்வர். இல்லாதவர் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வயதேறிய வாகனத்தை ஒட்டியும் கட்டியும் ஓட்டிப் பிழைப்பர். அத்தகையோரின் பிழைப்பைப் பற்றியும், அப்பிழைப்பையும் உயிரையும் காக்கின்ற மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றியும் எழுத விரும்புகின்றோம்.

அப்பொருளுக்குப் பாடநூல்கள் இட்ட பெயர் உருகி. வீதியிலும் கராஜிலும் அதற்குப் பெயர் பியூஸ். வெளியே தெரியும் கறளைச் சுரண்டிப் பூச்சுப் பூசிவிடலாம். டாஷ்போட்டின் கீழே, சாரதியின் முழங்காலுக்கருகே, இருளிற் கிடக்கும் உருகிப் பெட்டியிற் படிகின்ற பச்சைக் களிம்பை யார் காண்கின்றனர்? விளக்கு எரியாதபோதுதான் அப்பெட்டி நினைவுக்கு வருகின்றது. அப்போதும் பலர் அதனைத் திறப்பது, உருகி ஏன் உருகியது என்று அறிவதற்காகவன்று, உருகியை ஏமாற்றுவதற்காகவே.

உருகியின் தத்துவம் எளியது. வயரில் மின்னோட்டம் செல்லும்போது வெப்பம் பிறக்கின்றது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 1840 ஆம் ஆண்டளவில் ஜூல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி கண்ட விதி இது. வயரின் நடுவே, அவ்வயரைவிட எளிதில் உருகும் ஒரு துண்டை வேண்டுமென்றே வைத்தால், மின்னோட்டம் அளவு கடந்தவுடன் அத்துண்டு முதலில் உருகிப் பாதையைத் துண்டித்துவிடும். அது காப்பது வானொலியையன்று, விளக்கையுமன்று, வயரை. வயர் சிவக்கச் சூடேறினால் அதன் உறை எரியும். உறை எரிந்தால் வாகனமே எரியும்.

1970களின் பிற்பகுதியிலிருந்து மோட்டார் வாகனங்களிற் பரவிய தகட்டு உருகிகளிலே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளங் காணத்தக்க நிறங்கள் உண்டு: 10 அம்பியருக்குச் சிவப்பு, 15 அம்பியருக்கு நீலம், 20 அம்பியருக்கு மஞ்சள், 30 அம்பியருக்குப் பச்சை. ஏறக்குறைய உலகெங்கும் ஒரே நிறமொழி. ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளிக்கு எல்லைகளைக் கடந்து அனுப்பும் எச்சரிக்கை என்றே இதனை நாம் கருதுகின்றோம்.

ஆனால் உருகியாலும் தடுக்க முடியாத ஆபத்தொன்று உண்டு. உப்புக் காற்றினால் உருகியின் கால்களிலும் அவை பொருந்தும் இடுக்குகளிலும் களிம்பு ஏறும்போது, அவ்விடத்தில் தடை அதிகரிக்கின்றது. மின்னோட்டம் அளவுக்கு உட்பட்டே இருக்கும். ஆகையால் உருகி உருகாது. ஆயினும் தளர்ந்துபோன அந்தத் தொடுகையிலே வெப்பம் பிறந்து, பெட்டியின் பிளாஸ்ரிக் மெல்ல மெல்லக் கருகும். அத்தகைய பெட்டியைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றியே ஆகவேண்டும். கடற்கரை ஊர்களில் உருகிப் பெட்டி மாற்றுவது ஆடம்பரமன்று, அவசியம் என்பதற்குக் காரணம் இதுவே.

இப்படியிருக்க, எம்மக்கள் உருகியின் இடத்தில் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளையும் செம்புத் தும்பையும் வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. படித்தவர்களுக்கு அது இன்பமும் தரும். உண்மை அதுவன்று.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 இல் தலைமன்னார் ரயில் நின்றது. 2015 மார்ச்சில்தான் அது மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டிலே நோயாளியும் மாணவரும் மீனும் நெல்லும் வீதியையே நம்பியிருந்தனர். போர்க்காலத்தில் அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வட பகுதிகளுக்குப் பெற்றோலும் உலர் மின்கலமும் உட்படப் பல பொருள்கள் தடை செய்யப்பட்டிருந்தன. மக்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் வாகனம் ஓட்டினர். கொட்டிலில் உறங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் வாகனங்களும் மறுபடி வீதிக்கு வந்தன. 1948 இல் பிரிட்டனில் அறிமுகமான மொறிஸ் மைனரில் உருகிகள் இரண்டே இரண்டு. முன்விளக்குகளுக்கு உருகியே இல்லை. அவ்வளவு எளிய இயந்திரமாதலால் அதனை எவரும் திருத்த முடிந்தது. அந்த நாள்களில் வெள்ளித்தாளைச் சுற்றியவன் அறிவிலியல்லன். வேறு வழியின்றித் தன் மதியினால் பிழைத்தவன்.

பின்னர் போர் ஓய்ந்தது. தட்டுப்பாடு வேறு உருவில் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது. எரிபொருளுக்காக மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதி கிடைத்தது. அந்த ஐந்தாண்டுகளில் உதிரிப்பாகத்தின் விலை ஏறிற்று; பழைய வாகனம் மேலும் பழையதாயிற்று. இல்லாமை கற்பித்த உபாயம், இல்லாமை நீங்கிய இடத்திலும் வழக்கமாக நிலைத்துவிட்டது. ஓர் உருகியின் விலை இன்று ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்குள் அடங்கும். ஆயினும் வெள்ளித்தாள் போகவில்லை.

இதனை நாம் ஏட்டிலிருந்து எழுதவில்லை. எமது ஊரில் இளைஞர் ஒருவர் பாடசாலை வான் ஓட்டிப் பிழைக்கின்றார். முப்பது ஆண்டுக்கு முன் ஜப்பானிற் செய்யப்பட்ட டீசல் வான் அது. ஒரு நாட்காலை, பதினொரு பிள்ளைகளுடன் வந்துகொண்டிருந்தபோது டாஷ்போட்டின் கீழிருந்து புகை எழுந்தது. அவர் வாகனத்தை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கி, பற்றரியின் வயரைப் பிடுங்கிவிட்டார். எவருக்கும் தீங்கில்லை. ஆனால் பெட்டியின் ஒரு மூலை உருகி, வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வான் நின்றால் அவரது வருமானம் நிற்கும். கடன் தவணை நிற்காது.

அன்று மாலை அவர் வீட்டு முற்றத்தில், கழற்றிய உருகியைக் கையிலெடுத்துப் பார்த்தோம். அதன் இரு கால்களையும் இணைத்துச் செம்புத் தும்பொன்று முறுக்கப்பட்டிருந்தது.

"தம்பி, இதை ஆர் வைச்சது?" என்று கேட்டோம்.

"நான்தான் சேர். பியூஸ் கிழமைக்கு ரெண்டு தரம் போச்சுது. பிள்ளையளை றோட்டிலை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? அதுதான் தும்பு ஒண்டைச் சுத்தி விட்டனான்."

"ஏன் போகுது எண்டு பாத்தனீங்களோ?"

அதற்கு அவரிடம் விடையில்லை. கேட்ட எமக்கும் உடனடியாக விடை தெரியாது. ஆகவே, வாகன மின்வேலையில் நாற்பது ஆண்டு தழும்பேறிய முதியவர் ஒருவரை அழைத்தோம். போர்க்காலம் முழுவதும் பெருநிலத்தில் வேலை செய்தவர் அவர். செம்புத் தும்பைக் கண்டதும் அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை.

"நாங்களும் சுத்தினனாங்கள்தான். ஆனா சுத்திப்போட்டு அப்பாலை போறேல்லை. புகை வருதோ எண்டு பக்கத்திலையே குந்தியிருந்தம். அப்ப பியூஸ் இல்லை. இப்ப கடையிலை சரஞ்சரமாத் தொங்குது. இன்னும் ஏன் தம்பி தும்பு?" என்றார்.

அவர் முதலிற் செய்தது பெட்டியை நோக்குவதன்று. அந்த உருகியிலிருந்து மின்சாரம் எங்கெங்கே போகின்றது என்று தேடுவது. வானின் கூரையில் இரண்டு மின்விசிறிகள். பிள்ளைகள் புழுக்கத்தில் வாடுகின்றனர் என்று பின்னாளில் பொருத்தியவை. பாட்டுப் பெட்டிக்கு ஓர் ஒலிபெருக்கி. அனைத்தும் உள் விளக்குகளுக்கான 10 அம்பியர் உருகியிலேயே தொடுக்கப்பட்டிருந்தன. உடனிருந்த சாதாரணதர வகுப்பு மாணவர் இருவரிடம் கணக்கைக் கொடுத்தோம். வலுவை அழுத்த வித்தியாசத்தால் வகுத்தால் மின்னோட்டம் என்பது அவர்கள் மனனஞ் செய்த வாய்பாடு. ஒலிபெருக்கி 100 வாற்று. 12 ஆல் வகுத்தால் 8 அம்பியருக்குச் சற்று மேல். விசிறி ஒவ்வொன்றும் 24 வாற்று. இரண்டுக்குமாக 4 அம்பியர். முன்பே இருந்த விளக்குகளுக்கு ஏறத்தாழ 4 அம்பியர். கூட்டினால் 16. பத்தைத் தாங்கும் பாதையில் பதினாறு! கிழமைக்கு இருமுறை உருகியது உருகியின் குற்றமன்று. அது தன் கடமையைச் செய்து, செய்து, எம்மை எச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த எச்சரிக்கையின் வாயைத்தான் செம்புத் தும்பு அடைத்தது.

பரீட்சைத் தாளுக்கு வெளியே அந்த வாய்பாடு உயிர்பெற்றதை அம்மாணவர்கள் முகத்திற் கண்டோம். ஆசிரியராக இருப்பதன் பயன் இத்தகைய நாள்களில்தான் தெரிகின்றது.

அடுத்த சனிக்கிழமை, அதே முற்றத்தில், முதியவரின் மேற்பார்வையில் பெட்டியை மாற்றினோம். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில், அதே வகை வாகனத்திலிருந்து கழற்றிய பெட்டியொன்று கிடைத்தது. இரவுப் பேருந்தில் வந்து சேர்ந்தது. பெட்டியிற் பொறித்த இலக்கம் ஒன்றுதானா, செருகிகளின் எண்ணிக்கையும் வடிவமும் பொருந்துகின்றனவா, இடுக்குகளில் களிம்போ கருகலோ இல்லையா என்று சரிபார்த்த பின்னரே வேலை தொடங்கிற்று. அதன் முறையை இங்கே விரித்துரைப்பது, வாசகருள் எவரேனும் இவ்வேலையை மேற்கொள்ள நேர்ந்தால் பயன்படுமென்பதற்காக.

முதலாவது, வாகனத்தைச் சமதரையில் நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். கையிலுள்ள மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்ற வேண்டும். 12 வோல்ற்று மனிதனை என்ன செய்யும் என்று அலட்சியமாகப் பேசுவோர் உளர். அது மின்தாக்கம் தராது என்பது பொதுவாக உண்மை. ஆனால் பற்றரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பனரோ மோதிரமோ இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும்; உலோகம் கணத்திற் பழுத்து விரலைச் சுடும். பற்றரியிலிருந்து ஐதரசன் வாயுவும் எழும். அருகே நெருப்பு ஆகாது.

இரண்டாவது, பற்றரியின் மறை முனையை முதலிற் கழற்ற வேண்டும். ஏன் மறை முனை? அது வாகனத்தின் உடலோடு தொடுக்கப்பட்டது. அதனைக் கழற்றும்போது ஸ்பனர் உடலில் முட்டினாலும் ஒன்றும் நேராது. நேர் முனையை முதலிற் கழற்ற முனைந்து ஸ்பனர் உடலில் முட்டினால் குறுஞ்சுற்று. மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் வாகனங்களில் நேர் முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். ஆகவே விதியை இவ்வாறு நினைவிற் கொள்வது நன்று: உடலோடு தொடுத்த முனை கழற்றும்போது முதலாவது, பூட்டும்போது கடைசி. கழற்றிய வயர் தானாகத் திரும்பிப் பற்றரியைத் தொடாதவாறு துணியாற் சுற்றி ஒதுக்கி வைத்தோம்.

மூன்றாவது, பழைய பெட்டியைக் கைத்தொலைபேசியாற் பல கோணங்களிற் படம் பிடித்தோம். ஒவ்வொரு செருகிக்கும் காகித நாடாவில் இலக்கமிட்டோம். எந்த இடுக்கில் எத்தனை அம்பியர் என்பதை ஒரு மாணவி கொப்பியில் வரைந்துகொண்டாள். நினைவாற்றலை நம்பிச் செய்யும் வேலையன்று இது. செருகியைப் பிடுங்கும்போது வயரைப் பற்றி இழுக்கலாகாது; பூட்டை அழுத்தி, செருகியின் உடலைப் பற்றியே இழுக்க வேண்டும். முதியவரின் விரல்கள் இருளில் அப்பூட்டைத் தடவியறிந்த விதத்தை எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாது.

நான்காவது, பெட்டியை மட்டும் மாற்றினாற் போதாது. வயர்களையும் நோக்க வேண்டும். உறை கருகிய இடத்தை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிப்புள்ள வயரை இணைத்து, குறட்டினால் நெரித்துப் பூட்டும் இணைப்பிகளால் இறுக்கினோம். முறுக்கி நாடா சுற்றும் வேலை இக்கடற்கரையில் ஒரு மாரியைத் தாண்டாது. ஒலிபெருக்கிக்கும் விசிறிகளுக்கும் பற்றரியிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயரொன்று இழுத்தோம். பற்றரிக்கு மிக அருகிலேயே அதற்கு 15 அம்பியர் உருகி. உருகி தொலைவிலிருந்தால் இடைப்பட்ட வயருக்குக் காவலில்லை.

ஐந்தாவது, உருகிகளை வரைபடத்தின்படி இட வேண்டும். 10 போன இடத்தில் 10. பதினைந்து இட்டால் என்ன என்று ஒருபோதும் எண்ணலாகாது. உருகி சிறிது பெரிதானால் ஆபத்து முழுவதும் வயரின் தலையில் விழும்.

ஆறாவது சோதனை. இங்கே முதியவர் தம் பழைய உபாயமொன்றைக் காட்டினார். எல்லா ஆளிகளையும் நிறுத்திவிட்டு, பற்றரியின் மறை முனைக்கும் அதன் வயருக்கும் இடையே 21 வாற்று விளக்கொன்றைத் தொடுத்தார். எங்கேனும் குறுஞ்சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியுடன் எரியும். அப்போதும் பாதையில் 2 அம்பியருக்கு மேற் பாய விளக்கு விடாது. "லைற் பிரகாசமா எரிஞ்சா வயரைப் பூட்டாதேங்கோ, எங்கையோ பிழை இருக்கு" என்றார். விளக்கு எரியவில்லை. வயரைப் பூட்டி ஒவ்வொன்றாகச் சோதித்தோம்: விளக்கு, ஒலி எழுப்பி, துடைப்பான், விசிறி. அரை மணி நேரம் அனைத்தையும் இயக்கியபின் பெட்டியின்மீது கை வைத்துப் பார்த்தோம். சூடில்லை.

எல்லா வாகனத்தையும் இவ்வாறு முற்றத்திற் பிரிக்கலாமென்று எவரும் கருதிவிடக் கூடாது. சுக்கானில் காற்றுப்பை பொருத்திய வாகனங்களில், பற்றரியைக் கழற்றிய பின்னும் அதற்குரிய சுற்றில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். தயாரிப்பாளரின் கைநூல் சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிறச் செருகிகளைத் தொடவே கூடாது. கலப்பு எரிசக்தி வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ற்று, அது கொல்லும். புதிய வாகனங்கள் சிலவற்றில் உருகிப் பெட்டியும் கணினியும் ஒன்றாகவே இணைந்திருக்கும். பெட்டியை மாற்றியபின் கணினிக்குப் புதிதாகக் கட்டளையிட வேண்டியும் வரும். அவை பயிற்சி பெற்றவரின் கைக்குரியவை. எதைத் தானே செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று பிரித்தறிவதும் இவ்வறிவின் ஒரு பகுதியே.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகின்றது, எமக்குள்ளும் எழுந்தது. எல்லோரும் வீட்டிலேயே திருத்தப் புறப்பட்டால், கைத்தொழிலையே நம்பி வாழும் திருத்துநரின் வயிற்றில் அடிப்பதாகாதா? படித்த வகுப்பார் பொழுதுபோக்காகத் தொழிலாளியின் வேலையைப் பறிப்பது முற்போக்காகுமா?

இக்கேள்வியை முதியவரிடமே கேட்டோம். அவருடைய விடை எமது தர்க்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. "சேர், என்னட்டை எரிஞ்ச வாகனந்தான் வருது. எரிய முன்னம் ஒருத்தரும் வாறேல்லை. எரிஞ்சதைத் திருத்தினா அவன்ரை காசும் போகுது, என்ரை நாளும் போகுது, கூலியும் கடன். பியூஸ் ஏன் போகுது எண்டு தெரிஞ்சவன் நேரத்தோடை வருவான். அவனுக்கு நான் செய்யிற வேலை என்னெண்டும் விளங்கும்."

சிந்திக்க வேண்டிய சொற்கள் இவை. உழைப்பை மதிப்பவன் யார்? அவ்வுழைப்பின் நுட்பத்தை ஓரளவேனும் அறிந்தவனே. அறியாதவன் பேரம் பேசுவான். அரை மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இவ்வளவு கூலியா என்று முணுமுணுப்பான். அந்த அரை மணிக்குப் பின்னால் நாற்பது ஆண்டு நிற்பது அவனுக்குத் தெரியாது. அன்று மேற்பார்வைக்கும் ஆலோசனைக்கும் அவருக்குரிய கூலியை வான் உரிமையாளரும் நாமும் பங்கிட்டுக் கொடுத்தோம். "நான் ஒண்டும் செய்யேல்லையே" என்று அவர் கூசினார். ஸ்பனர் பிடித்தாற்றான் உழைப்பு, அறிவைக் கொடுப்பது உழைப்பாகாது என்ற எண்ணம் அவரையும் பற்றியிருந்தது. ஆசிரியர்களாகிய நாமே அதனை மறுக்காவிட்டால் வேறு யார் மறுப்பது?

எமது கல்வியின் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். விஞ்ஞானப் பாடநூலில் உருகியின் படம் உண்டு, வரைவிலக்கணம் உண்டு, வினாவும் விடையும் உண்டு. முழுப் புள்ளி பெற்ற மாணவன், தான் நாள்தோறும் ஏறிச் செல்லும் வானின் உருகிப் பெட்டி எங்கே இருக்கின்றதென்று அறியான். 2013 இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது, வரவேற்கத்தக்கதே. ஆனால் பாடத்தின் பெயரை மாற்றினால் மனம் மாறிவிடுமா? கையில் எண்ணெய் படும் வேலை தாழ்ந்தது, நாற்காலியில் அமரும் வேலை உயர்ந்தது என்ற பழைய நஞ்சு இன்னும் எமது வீடுகளில் ஊறிக் கிடக்கின்றது. அது பொருளாதார ஏற்றத்தாழ்வின் பிள்ளை; சாதி ஏற்றத்தாழ்வின் பேரப்பிள்ளை.

தீவின் தென்கரையிலே 2020 டிசம்பரில் தொடக்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் முப்பது காற்றாடிகள் வானளாவ நிற்கின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. எமது மாணவர்கள் அவற்றை வியந்து நோக்குகின்றனர். மின்சாரம் என்பது எங்கோ உயரத்தில், பெரிய பொறியியலாளரின் கையில் உள்ள பொருள் என எண்ணுகின்றனர். அந்தப் பெரும் காற்றாடியிலும், முழங்காலுக்கருகே கிடக்கும் 10 அம்பியர் உருகியிலும் ஆள்வது ஒரே விதிதான் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியது எமது கடமை. விஞ்ஞானத்தை உயரத்தில் வைத்து வணங்குவோரால் மக்களுக்குப் பயனில்லை. அதனை முற்றத்துக்கு இறக்கி வைப்போராலேயே பயனுண்டு.

வான் இன்று ஓடுகின்றது. அது ஒரு வான். செம்புத் தும்பையும் வெள்ளித்தாளையும் சுமந்துகொண்டு மன்னார் வீதிகளிலும், பாலத்துக்கு அப்பால் முருங்கன், நானாட்டான் வீதிகளிலும் இன்னும் எத்தனை வாகனங்கள் பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றனவோ! ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழித்துப்போட்ட வாகனத்தின் உருகிப் பெட்டியொன்றைத் தேடி, உங்கள் ஆய்வுகூட மேசையில் வையுங்கள். மாணவர் அதனைப் பிரித்துப் பூட்டட்டும். உள்ளூர்த் திருத்துநர் ஒருவரை அழைத்து, உரிய மதிப்பும் ஊதியமும் அளித்து, ஒரு பாடவேளை பேசச் செய்யுங்கள். தவணைக்கொருமுறை, பாடசாலைக்கு வரும் வான் ஒவ்வொன்றின் உருகிப் பெட்டியையும் சாரதியுடன் சேர்ந்து திறந்து பாருங்கள். குற்றம் காண்பதற்காகவன்று, தும்பு இருந்த இடத்தில் ஓர் உருகியை வைப்பதற்காக. அதற்கான செலவைச் சாரதியின் தலையிற் சுமத்தாமல் பெற்றோர் சங்கம் ஏற்கட்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருவருக்கொருவர் கற்பித்துப் பிழைத்த மக்கள் நாம். தும்பு சுற்றும் உபாயம் பரவிய அதே வழியிலே, தும்பை அகற்றும் அறிவும் பரவ முடியும்.